செலோடேப்பிலிருந்து செப்புத் தகடு வரை: மின்னூட்டத்தை வேதியியல் அறையில் கையால் படிக்க ஒரு முழு வழிகாட்டி

நம் பிள்ளைகள் மின்னூட்டத்தை இரண்டு இடங்களில் படிக்கிறார்கள். சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்குகிறார்கள். பிறகு படிவம் 4 வேதியியலில் சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை விட்டுவிட்டு, தோளில் ஒரு கூட்டல் குறியோடு அயனியாக வருகிறது. படிவம் 5இல் மின்பகுப்பு (மின்சாரத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரிப்பது) வந்ததும் அந்தக் குறிகளை வைத்து அரைச் சமன்பாடு எழுதப் பழகி, மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தயாராகிவிடுகிறார்கள். சீப்பில் இருந்ததும் அயனியில் இருப்பதும் ஒன்றுதான் என்பது மட்டும் பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. "சீப்பில் உள்ள மின்னூட்டத்தையும் உப்பில் உள்ள மின்னூட்டத்தையும் ஒரே அலகில் அளக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடத் தயங்குவார்கள்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த வழிகாட்டி. மலேசியாவின் பினாங்கில் படிவம் 4, 5 மாணவர்களுக்கு நான் பாடம் நடத்துவது இந்த வரிசையில்தான்: முதலில் ஈர்ப்பும் விலகலும், அப்புறம் அயனிகள், கடைசியில் எண்ணிக்கை. முடிவில் மாணவர்கள் ஒரு தராசையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் எவ்வளவு என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய சந்தோஷம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குமுன்: ஈரப்பதம்

நம் ஊரில் இந்தச் சோதனைகளுக்கு முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். கடல் சூழ்ந்த தீவு இது. ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சர்வசாதாரணம். அப்படிப்பட்ட காற்றில் நெகிழிப் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் படிந்துவிடும். தேய்த்து ஏற்றிய மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியாகவே ஒழுகிப் போய்விடும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட பாடநூல்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குள் காற்று தானாகவே காய்ந்து கிடக்கும்.

ஆகவே நிலைமின் சோதனைகளை ஏர்கோன் உள்ள அறையில் வையுங்கள். ஏர்கோன் காற்றைக் குளிர்விக்கும்போதே நீராவியைப் பிரித்து வெளியே சொட்டவிடுகிறது. வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஏர்கோன் இல்லாத பள்ளியா? ஒரு ஹேர் டிரையரால் பி.வி.சி. குழாயையும் துணியையும் நன்றாகச் சூடுபடுத்தி உலர்த்திவிட்டு உடனே செய்யுங்கள். மழை பெய்து ஓய்ந்த பிற்பகல் வேண்டவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வட மாநிலங்களில் வெயில் காயும் பருவம் வரும். இந்தப் பாடத்தை அப்போது வைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும். இன்னொன்று: தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் சீப்பைத் தேய்த்தால் சரியாக மின்னூட்டம் ஏறாது. முதல்நாள் தலைக்குக் குளித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள், அல்லது கம்பளித் துணியைப் பயன்படுத்துங்கள்.

படி 1: இரண்டு செலோடேப் துண்டுகள்

செலவே இல்லாத சோதனை இது, ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும். மேசைமேல் நீளமாக ஒரு டேப்பை ஒட்டுங்கள். அது அடித்தளம், கடைசிவரை அங்கேயே இருக்கட்டும். அதன்மேல் ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு துண்டை ஒட்டி, பிடிப்பதற்கு ஒரு முனையைக் கொஞ்சம் மடித்துவிடுங்கள். இப்போது சட்டென்று உரித்து எடுங்கள். பக்கத்து மாணவரும் இதே மாதிரி ஒன்று எடுக்கட்டும். இரண்டையும் தொங்கவிட்டுப் பக்கத்தில் கொண்டுவந்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். ஒரே மாதிரி உருவாக்கப்பட்டவை, ஆகவே ஒரே வகை மின்னூட்டம்.

அடுத்து அடித்தளத்தின் மேல் ஒரு துண்டை ஒட்டி அதில் 'கீ' என்று எழுதுங்கள். அதன்மேல் இன்னொன்றை ஒட்டி 'மே' என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரியுங்கள். ஒட்டிய ஜோடியை விரலால் மெல்லத் தடவிவிட்டு, அது விரலை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வரக்கூடாது, வந்தால் மறுபடி தடவுங்கள். மொத்த மின்னூட்டம் சுழி என்று உறுதியான பிறகு, இரண்டையும் வேகமாகப் பிரியுங்கள். இப்போது 'மே'யும் 'கீ'யும் ஒன்றையொன்று பாய்ந்து பிடிக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். சுழியாக இருந்த ஒன்றைப் பிரித்ததும் இரண்டு எதிரெதிர் வகை கிடைத்திருக்கிறது. புதிதாக எதையும் உருவாக்கவில்லை. ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் பெற்றிருக்கிறது. மின்னூட்ட அழிவின்மை விதி என்று பின்னால் மனப்பாடம் செய்யப்போவது இதுதான். மாணவர்கள் இதை வாய்விட்டுச் சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மின்னேறிய டேப் உங்கள் கையையும் சுவரையும்கூட நோக்கி வரும், அவற்றில் மின்னூட்டம் எதுவும் ஏறாமல் இருந்தாலும். ஆகவே ஈர்ப்பை மட்டும் வைத்து ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறது என்று தீர்மானிக்க முடியாது. விலகல்தான் உறுதியான சாட்சி.

எது நேர், எது எதிர்? கம்பளியில் தேய்த்த பி.வி.சி. குழாய் எதிர்மின்னூட்டம் பெறும். அதைக் கண்டு விலகி ஓடும் டேப் எதிர், மற்றது நேர். கண்ணாடிக் கோல் இருந்தால் பட்டுத் துணியில் தேய்த்து எதிர்ச் சோதனையும் செய்யலாம். பினாங்கின் லெபோ பாசார் தெருவில் உள்ள புடவைக் கடைகளில் பட்டு ஓரத் துண்டு கேட்டுப் பாருங்கள். இருவகை மின்னூட்டம் உண்டு என்பதை பிரான்ஸின் து ஃபே 1730களில் இதே போன்ற ஈர்ப்பையும் விலகலையும் பார்த்துத்தான் கண்டுகொண்டார். கூட்டல், கழித்தல் என்ற பெயர்களை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பின்னர் வைத்தார். அப்போது எலக்ட்ரானைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவர் தேர்ந்த குறியின்படி எலக்ட்ரான் கழித்தல் பக்கம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

படி 2: சுடர், மூச்சு, தண்ணீர்

நிலைமின்னிலிருந்து அயனிக்குப் பாலம் போடும் படி இது. பல வகுப்புகளில் இது நடப்பதே இல்லை.

முதலில் மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் ஒரு மின்காட்டி செய்வோம். ஒரு கண்ணாடி ஜாடியின் நெகிழி மூடியில் துளையிட்டு, தடித்த செப்புக் கம்பியைச் செருகுங்கள். உள்ளே கொக்கியில் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள் துண்டுகள் தொங்கட்டும், இவைதான் இலைகள். மேலே கம்பியைச் சுருட்டிவிடுங்கள். மின்னேறிய குழாயால் மேல்முனையைத் தடவினால் இலைகள் விரிந்து நிற்கும். இப்போது ஓர் அகல் விளக்கை ஏற்றி, கம்பியின் மேல்முனைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தொடவே வேண்டாம். இலைகள் சரிந்து சேர்ந்துவிடும்.

காரணத்தை மாணவர்களே யோசிக்கட்டும். சுடருக்குள் அயனிகள் இருக்கின்றன. அவற்றில் எதிர்க்குறி உள்ளவை கம்பியை நோக்கி இழுக்கப்பட்டு, அதன் மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடுகின்றன. டேப் சோதனையில் பார்த்த மின்னூட்டத்தை ரத்து செய்தது வேதிவினையில் பிறந்த அயனி. இரண்டும் ஒரே சாமான் இல்லையென்றால் ஒன்றை ஒன்று ரத்து செய்யுமா?

மின்னேறிய டேப்பின் மேல் வாயால் நீளமாக ஊதச் சொல்லுங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் மின்னூட்டம் ஒழுகி, அதன் விறைப்பு தளர்ந்துவிடும்.

அப்புறம் குழாயடிச் சோதனை. தண்ணீரை நூல்போல மெலிதாகத் திறந்து, மின்னேறிய பி.வி.சி. குழாயைப் பக்கத்தில் கொண்டுபோனால் தாரை வளையும். "நீர் மூலக்கூறு இருமுனை கொண்டது, அது திரும்பி நின்று ஈர்க்கப்படுகிறது" என்பது பல நூல்களில் உள்ள விளக்கம். நீர் மூலக்கூறு இருமுனை கொண்டது, அதாவது ஒரு பக்கம் சற்று நேர், மறுபக்கம் சற்று எதிர் என்பது உண்மைதான். ஆனால் இந்த அளவு வளைவுக்கு அது போதாது. தாரை துளியாக உடையும் இடத்துக்குப் பக்கத்தில் குழாயைப் பிடித்து, விழும் துளிகளை மின்காட்டியோடு இணைத்த உலோகக் குவளையில் பிடியுங்கள். குழாயின் மின்னூட்டத்துக்கு எதிரான மின்னூட்டம் குவளையில் சேர்ந்திருக்கும். தண்ணீரில் உள்ள அயனிகள் குழாயின் தாக்கத்தால் இடம் மாறி, கீழே விழும் நீரே மின்னேறிவிடுகிறது. கெல்வின் பிரபு 1867இல் நீர்த்துளிகளைக் கொண்டே தீப்பொறி வரவழைக்கும் கருவி அமைத்தது இந்த அடிப்படையில்தான். தேர்வில் பாடநூல் விளக்கத்தை எழுதட்டும், ஆனால் வகுப்பில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

படி 3: எது மின்சாரத்தைக் கடத்துகிறது?

இதை விரைவாக முடிக்கலாம். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் மின்தடை, இருபுறமும் சீவிய இரண்டு பென்சில்கள். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, பென்சில்களை ஓர் அட்டையில் செருகி இடைவெளி மாறாமல் வையுங்கள். எல்இடியின் நீண்ட கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்.

உலர்ந்த உப்பு, காய்ச்சி வடித்த நீர், சீனிக் கரைசல், சமையல் எண்ணெய்: எல்இடி எரியாது. உப்புக் கரைசல், இளநீர், கிச்சாப் (சோயா சாறு), கஸ்தூரி எலுமிச்சைச் சாறு: எரியும். உப்பும் தனியாகக் கடத்தாது, வடிநீரும் தனியாகக் கடத்தாது, சேர்ந்தால் கடத்துகிறது. ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். உப்புக்குள் அயனிகள் முன்பே இருந்தன, ஆனால் படிகத்துக்குள் அசைய முடியாமல். தண்ணீர் அவற்றுக்கு நடமாட இடம் கொடுத்தது. இளநீர் நன்றாகக் கடத்துவதற்கு அதிலுள்ள பொட்டாசியம் அயனிகள் முக்கியக் காரணம். ஆய்வகப் பென்சில் பட்ட எதையும் குடிக்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: அயனி நகர்வதைக் கண்ணால் பார்ப்பது

அயனி நகர்கிறது என்று சொன்னால் நம்புவார்கள். பார்த்தால் மறக்க மாட்டார்கள். கண்ணாடிச் சில்லின் மேல் வடிதாள் பட்டை ஒன்றை வைத்து, மிகவும் நீர்த்த சோடியம் சல்ஃபேட் கரைசலால் ஈரமாக்குங்கள். சொட்டக்கூடாது. இருமுனையிலும் முதலைக் கிளிப். நடுவில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றே ஒன்று. மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட் கிடைக்கும். ஆய்வக மின்வழங்கி இருந்தால் 20 வோல்ட் போதும். பத்து, இருபது நிமிடத்தில் ஊதா நிறம் நேர்முனைப் பக்கமாக நீண்டு ஊர்ந்திருக்கும். பெர்மாங்கனேட் அயனி எதிர்மின்னூட்டம் உடையது. அதே நேரத்தில் பொட்டாசியம் அயனி மறுபக்கம் போகிறது. அதற்கு நிறம் இல்லாததால் தெரியவில்லை. இணைப்பை மாற்றிப் போட்டால் நிறமும் திரும்பி நடக்கும். மின்சாரம் ஓடும்போது பட்டையைத் தொடக்கூடாது. வீட்டுச் சுவர் மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக்கூடாது.

படி 5: சங்குப்பூத் தண்ணீர்

பினாங்கு நியோன்யா (சீன, மலாய் கலப்புச் சமையல்) பலகாரங்களுக்கு நீல நிறம் தரும் அதே சங்குப்பூதான். வேலியோரத்தில் பூத்திருந்தால் ஒரு பிடி பறித்து வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு சேருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். சமையல் உப்பு வேண்டாம், குளோரின் வாயு வந்து நிறத்தையும் வெளுத்துவிடும். சமையல் சோடாவும் வேண்டாம், அது நிறம் மாறவே விடாது.

வெள்ளைத் தட்டு ஒன்றில் ஊற்றி, இரண்டு பென்சில் முனைகளை எதிரெதிர் ஓரத்தில் வைத்து 9 வோல்ட் கொடுங்கள். நேர்முனையைச் சுற்றி இளஞ்சிவப்பு, எதிர்முனையைச் சுற்றிப் பச்சை. நேர்முனையில் நீரிலிருந்து எலக்ட்ரான்கள் பறிக்கப்பட்டு ஆக்சிஜனும் ஹைட்ரஜன் அயனியும் வருகின்றன, அங்கே அமிலம். எதிர்முனையில் நீர் எலக்ட்ரானைப் பெற்று ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனியும் வருகின்றன, அங்கே காரம். லேசான வெண்மை தெரிந்தால் அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு.

நிறம் நன்றாக வந்த பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பழைய நீலத்துக்கே திரும்பும். ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் பறிபோனதோ, அத்தனையே மறுமுனையில் கொடுக்கப்பட்டது. அமிலமும் காரமும் சரிக்குச் சரி. செலோடேப்பில் பார்த்த அதே கணக்கு, இப்போது நிறமாக. முதல் படியோடு இதைச் சேர்த்துப் பேச நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான்.

படி 6: எலக்ட்ரானை எண்ணுவது

இரண்டு செப்புத் தகடுகள், 5 சென்டிமீட்டர் சதுரம். செப்பு சல்ஃபேட் கரைசல் 250 மில்லிலிட்டர், லிட்டருக்கு 0.5 மோல் செறிவில். அதற்கு நீலப் படிகம் சுமார் 31 கிராம் ஆகும். நேர்மின்வழங்கி, மின்தடை மாற்றி, அம்மீட்டர், 0.01 கிராம் காட்டும் தராசு. இந்த ஒரு சோதனையில் மட்டும் வரிசை பிசகக்கூடாது:

1. தகடுகளை மணல்தாளால் பளபளக்கத் தேய்த்து, வடிநீரில் கழுவி, அசிட்டோனில் நனைத்து உலர்த்துங்கள். அதன்பிறகு முகப்பை விரலால் தொட வேண்டாம். பக்கத்தில் நெருப்பு கூடாது.
2. ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டுத் தனித்தனியாக எடை எழுதுங்கள்.
3. கரைசலில் இறக்கி, மின்னோட்டத்தை 0.50 ஆம்பியரில் நிறுத்துங்கள். இதைவிட மிகுதியாக ஓட்டினால் செப்பு பொடிப்பொடியாகப் படிந்து உதிரும்.
4. ஒவ்வொரு நிமிடமும் அம்மீட்டரைப் பார்த்துச் சரிசெய்து எழுதிக்கொண்டே வாருங்கள். 40 நிமிடம் ஓடட்டும்.
5. எதிர்முனைத் தகட்டைத் துடைக்காமல் நீரில் முக்கி எடுத்து, அசிட்டோனில் நனைத்து, காற்றில் காயவைத்து எடை பாருங்கள். நேர்முனைத் தகட்டையும் அப்படியே.

0.50 ஆம்பியர், 2,400 நொடி. இரண்டையும் பெருக்கினால் ஓடிய மின்னூட்டம் 1,200 கூலூம் (மின்னூட்டத்தின் அலகு). கோட்பாட்டின்படி 0.395 கிராம் செப்பு படிய வேண்டும். உங்கள் தராசில் 0.38 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோல் செப்பு 63.55 கிராம், ஆகவே 0.38 கிராம் என்பது 0.00598 மோல். அவகாட்ரோ எண்ணால், அதாவது ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ஆல் பெருக்கினால் 3.60 × 10²¹ அணுக்கள். ஒவ்வொரு செப்பு அயனிக்கும் இரண்டு எலக்ட்ரான் தேவை, மொத்தம் 7.20 × 10²¹. 1,200ஐ அதால் வகுத்தால் 1.67 × 10⁻¹⁹ கூலூம். 2019 முதல் அனைத்துலக அலகு முறையில் நிலையாக்கப்பட்ட மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம். வித்தியாசம் நான்கு விழுக்காடுதான்!

அவகாட்ரோ எண்ணை நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டாம். மைக்கேல் ஃபாரடே 1830களில் மின்பகுப்பு விதிகளைக் கண்டபோது அந்த எண் அவரிடம் இல்லை; படியும் நிறை ஓடிய மின்னூட்டத்துக்கு நேர்விகிதம் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அந்த விதிகளைப் பார்த்தால் மின்சாரமும் அணுக்களைப் போலத் துண்டு துண்டாக இருக்க வேண்டும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1881இல் இலண்டனில் எடுத்துச் சொன்னார். ஆங்கில இயற்பியலாளர் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். அதாவது எலக்ட்ரானின் முதல் தடயங்களுள் ஒன்று, நீலக் கரைசலில் மூழ்கிய இதுபோன்ற தகடுகளில்தான் கிடைத்தது.

நேர்முனை இழந்த எடையும் எதிர்முனை பெற்ற எடையும் பெரும்பாலும் சற்று வேறுபடும். நேர்முனையிலிருந்து அழுக்கும் துகளும் உதிரும். எதிர்முனையில் படிந்தது கழுவும்போது கொஞ்சம் போகும். எண்ணைத் திருத்தி எழுத மாணவர்களை விடாதீர்கள். எந்தப் பக்கம் பிழை, ஏன் என்று எழுதுவதுதான் அவர்களுடைய வேலை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புங்கள். மின்னேறிய டேப் துண்டில் இருப்பது ஒரு கூலூமின் நூறு கோடியில் சில பங்கு மட்டுமே. நூறு கோடியில் பத்துப் பங்கு என்று எடுத்துக்கொண்டாலும் அது சுமார் 6,200 கோடி எலக்ட்ரான்கள். 5.85 கிராம் உப்பில், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியில், சோடியம் அயனிகளின் மின்னூட்டம் மட்டும் 9,648 கூலூம். மாலையில் நம்மைத் திடுக்கிட வைக்கும் மின்னல் ஒன்று கொண்டுவருவது பெரும்பாலும் சில பத்து கூலூம்தான். உப்பு நம்மைத் தாக்காமல் இருப்பதற்குக் காரணம், அதே அளவு எதிர்மின்னூட்டம் குளோரைடு அயனிகளில் பக்கத்திலேயே இருப்பது. இந்த எண்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள், விளக்கம் தேவைப்படாது.

சோதனை முடிந்த செப்பு சல்ஃபேட்டைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. இரு முனையும் செப்பாக இருந்ததால் கரைசலின் செறிவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெயரெழுதிய புட்டியில் அடைத்து அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தராசு இல்லாத பள்ளிகளுக்கு ஒரு மாற்று வழி உண்டு. நீர்த்த சோடியம் சல்ஃபேட் கரைசலில், எதிர்முனைக்கு மேல் நீர் நிரப்பிய பியூரெட்டைக் கவிழ்த்து வைத்து ஹைட்ரஜனைப் பிடியுங்கள். 0.10 ஆம்பியரில் 10 நிமிடம் ஓடினால் 60 கூலூம். இவ்வளவில் படியும் செப்பு 0.02 கிராம்தான், சாதாரணத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. ஆனால் ஹைட்ரஜன் 7.5 கன சென்டிமீட்டர் சேர்ந்திருக்கும், அறைச் சூழலில் ஒரு மோல் வாயுவை 24 லிட்டராக எடுத்துக்கொண்டால். பியூரெட்டில் அதைத் தெளிவாகப் படிக்கலாம். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் இரண்டு எலக்ட்ரான்தான் தேவை, ஆகவே மேலே போட்ட கணக்கை அப்படியே போட்டால் அதே விடை வரும்.